பேஸ்மென்ட் வாசலில் சிக்கிய படகு

எங்கள் லேஅவுட்டில் மோட்டார் படகு இருக்கும் ஒரே வீடு எங்களுடையது. மழைக்காலம் நெருங்கினால் பக்கத்து லேஅவுட்களிலிருந்தெல்லாம் எனக்கு போன் வரும். "மேடம், நாங்களும் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம். எத்தனை ஹெச்.பி. எடுக்கலாம்?" என்பார்கள். ரப்பர் நல்லதா, ஃபைபர் நல்லதா என்று கேட்பார்கள். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வாங்கும்போது நாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

நானும் கணவரும் கோலார் தங்கவயல் பிள்ளைகள். பல வருடம் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவர்கள். கடைசியில் வைட்ஃபீல்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியை ஒட்டி வரிசை வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்தோம். மாடியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். அதற்காகத்தான் அந்த வீடு பிடித்தது.

முதல் வெள்ளம் வந்தபோது என் கணவருக்கு முறிந்த காலில் பிளேட் வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். இரண்டு நாள் மாடியில் இருந்தோம். கரன்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, கழிவறை பொங்கி வழிந்தது. மூன்றாம் நாள் மண் அள்ளும் வண்டி ஒன்று வந்தது. அதன் முன்பக்கத் தொட்டியில் அவரை உட்கார வைத்துத் தூக்கினார்கள். வாக்கரை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் காற்றில் தொங்கியதை எதிர் அப்பார்ட்மென்டிலிருந்து யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அது அவருடைய ஆபீஸ் குரூப்பில் வந்தது. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"இனிமே எவன் வண்டியிலயும் ஏறமாட்டேன். நம்ம படகுல நாம போவோம்" என்றார்.

காற்றடிக்கும் ரப்பர் படகு. பத்தடி நீளம், நான்கு பேர் உட்காரலாம். காற்றுக்குத் தனித்தனியாக மூன்று அறைகள். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் தாங்கும். பின்னால் மாட்டும் பெட்ரோல் எஞ்சின் ஓர் அரிசி மூட்டை கனம். எஞ்சினோடு வந்த கையேட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அவர். ஆனால் எஞ்சின் பக்கத்தில் உட்கார காலை மடக்க வேண்டும், அவரால் முடியாது. ஆகவே ஓட்டுநர் நான். படித்தவர் முன்னால், படிக்காதவள் பின்னால். எங்கள் படகில் பாதிப் பிரச்சினை இதனால்தான் வந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

நினைத்த ஏரியில் எல்லாம் படகை இறக்கிவிட முடியாது, அனுமதி வேண்டும். அத்திபெலே தாண்டி அவருடைய நண்பர் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். அங்கே பெரிய குட்டை ஒன்று உண்டு. அதில்தான் பழகினோம். முதல் நாள் கரையை விட்டு இருபதடி போவதற்குள் என் செருப்பு நனைந்தது.

"தண்ணி ஏறுதுங்க."

"தெறிச்சிருக்கும்."

"தெறிக்கல. ஏறுது."

படகின் பின்பலகையில், அடியில், தண்ணீர் வடிய ஓர் ஓட்டை இருக்கும். அதற்கொரு மூடி உண்டு. அந்த மூடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது, தொலைந்துவிடக் கூடாது என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தாராம். கணுக்கால் அளவு தண்ணீரோடு கரைக்கு வந்தோம். குட்டையின் கரை முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. கால் வைத்தபோதெல்லாம் வழுக்கித் திரும்பத் தண்ணீருக்கே வந்தோம். தோட்டக்காரர் ரப்பர் குழாயை வீசிப் பிடித்து இழுத்த பிறகுதான் மேலே ஏற முடிந்தது. ஏறுகிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை மறக்காமல் இருப்பது வேறு விஷயம்.

அதன் பிறகு நன்றாகவே பழகினோம். பெட்ரோல் மூடியின் மேலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் காற்று போகாமல் எஞ்சின் நின்றுவிடும். ஓடும்போது எஞ்சினின் பக்கவாட்டில் நூல்போலத் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நின்றால் எஞ்சின் சூடேறுகிறது என்று அர்த்தம். சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்து எஞ்சினை நிறுத்திவிடும். எழுந்து நிற்கவே கூடாது. ஆள் பக்கத்தில் போகும் முன் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், அடியில் சுற்றும் விசிறிக்குத் தண்ணீர் எது, கால் எது என்று தெரியாது.

பிறகு இரண்டு மழைக்காலம் ஒன்றுமே நடக்கவில்லை. படகு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் மடிந்து கிடந்தது. சும்மா கிடந்தால் எஞ்சினில் பெட்ரோல் பிசினாகிவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து அவர் ஓடவிடுவார். புகையும் சத்தமும் தெரு முழுக்கப் போகும்.

தெருக்கோடி வீட்டு அக்காவுக்கு அது பிடிக்காது. ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்து, மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில். தனியாக இருந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் எடுக்க வேண்டும். காலையில் கார் வரும், சாயங்காலம் துவண்டுபோய்த் திரும்புவார். ஞாயிறுதான் அவருக்கு நிம்மதியான நாள். அந்த நாளில் நாங்கள் எஞ்சினைக் கிளப்புவோம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார்.

"இன்னாபா, வீட்ல குந்திக்கினு கப்பல் கம்பெனி நடத்துறீங்களா?"

என் கணவருக்கு அது மண் அள்ளும் வண்டியைவிட அதிகமாக வலித்தது. அதற்குப் பிறகு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இரண்டாவது வெள்ளம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஏரியின் கோடிப் பக்கம் உடைத்துக்கொண்டு, எட்டு மணிக்குக் கணுக்காலளவு இருந்த தண்ணீர் ஒன்பதரைக்கு இடுப்பளவு ஆகியிருந்தது. கார் முழுகியது. கரன்ட்டை மின்வாரியத்தாரே நிறுத்திவிட்டார்கள். திரும்பவும் அதே மாடி அறை, அதே நாற்றம், கீழே சோபா மிதந்து சுவரில் இடிக்கும் அதே சத்தம். கதவைத் திறந்தால் போக இடமில்லை. சம்பாதித்ததையெல்லாம் போட்டு இந்த நான்கு சுவருக்குள் நம்மை நாமே பூட்டிக்கொண்டோம் என்று அப்போது தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

போன் அடித்தது. தெருக்கோடி அக்கா.

"இன்னாமா, உங்க ஊட்டுக்காரு கப்பல் ஓடுமா?"

"ஏன்க்கா?"

"நேத்து போவ வேண்டியது. மழைன்னு கார்க்காரன் வரல. இன்னிக்கும் போலன்னா மூச்சு கட்டிக்கும். ஃபயர் சர்வீஸுக்கு போன் போட்டேன், வர்றோம் வர்றோம்னே சொல்றானுங்க."

ஸ்பீக்கரில்தான் பேசினேன். கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து மொட்டை மாடிக்குப் போய்க் காற்றடிக்கத் தொடங்கினார். பிளேட் வைத்த காலால் முக்கால் மணி நேரம் பம்பை மிதித்தார். படகைக் கயிறு கட்டி பால்கனி வழியாக இறக்கினோம். எஞ்சினை இருவரும் படிப்படியாகக் கீழே கொண்டுவந்து, வாசலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மாட்டினோம். பின்பலகை ஓட்டையின் மூடியை நானே என் கையால் போட்டேன்.

அவசரத்தில் விட்டுவிட்டுப் போனவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு துடுப்பில் ஒன்றைத்தான் எடுத்தோம். இன்னொன்று கொடிக் கயிற்றுக்கு முட்டுக்கொடுத்து நின்றது, அவிழ்க்க நேரமில்லை. காற்றடிக்கும் பம்ப் மொட்டை மாடியிலேயே கிடந்தது. விசிறியை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் சின்னப் பித்தளை ஊசி ஒன்று உண்டு. விசிறி எதிலாவது மோதினால் எஞ்சின் உடையாமல் இருக்க அந்த ஊசி முறிந்து கொடுக்கும். மாற்று ஊசி இரண்டு புத்தகத்தோடு மேசை இழுப்பறையில் இருந்தது. எஞ்சின் மூடிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்க வேண்டிய பொருள்.

அக்கா வீடு வரை ஒரு சிக்கலும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, துடுப்பால் தள்ளி ஜன்னல் ஓரம் சேர்த்தேன். மருத்துவமனைப் பை ஒன்றைக் கொடுத்துவிட்டு அக்கா ஜன்னலிலிருந்து படகுக்குள் உட்கார்ந்த மேனிக்கு இறங்கினார். லைஃப் ஜாக்கெட்டை என் கணவர்தான் மாட்டிவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மெயின் ரோடு மேட்டில் இருக்கிறது. அங்கே போய்விட்டால் வண்டி கிடைக்கும். தெருமுனையில் திரும்பினேன். எதிரே ஒரு கொடிக் கயிறு துணிகளோடு மிதந்து வந்தது. சேலை ஒன்று கண்ணில் பட்டது, வளைந்து போனேன். தண்ணீருக்கு அடியிலிருந்த கயிறு கண்ணில் படவில்லை. டக்கென்று ஒரு சத்தம். பிறகு எஞ்சின் வெறிபிடித்த மாதிரி அலறியது, படகு நகரவில்லை. ஊசி முறிந்துவிட்டது. அணைத்தேன்.

எஞ்சின் நின்ற பிறகுதான் தண்ணீரின் சத்தம் கேட்டது. அதுவரை அது தேங்கிய தண்ணீர் என்று நினைத்திருந்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட். அதன் பேஸ்மென்டுக்கு இறங்கும் சரிவுப் பாதைக்குள் தெருத் தண்ணீர் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒற்றைத் துடுப்பால் எதிர்த்துப் போட்டேன். ஒரே பக்கம் போட்டால் படகு தன்னைத்தானே சுற்றுமே தவிர முன்னால் போகாது. சுற்றிக்கொண்டே போய் அந்த வாசலில் பக்கவாட்டாக மோதினோம்.

வாசலுக்கு ஓர் இரும்பு ஷட்டர். வெள்ளத்தைத் தடுக்க வாட்ச்மேன் அதை முக்கால்வாசி இறக்கியிருக்கிறார், அதற்குமேல் இறங்கவில்லை. அதன் அடி விளிம்பு தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் அடியில் உறிஞ்சிக்கொண்டு போன வேகம் படகை ஷட்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது.

பயத்தில் மூவரும் ஷட்டரை விட்டு இந்தப் பக்கம் விலகி உட்கார்ந்தோம். செய்யக் கூடாதது அதுதான். தெருப்பக்க ரப்பர் அமுங்கி, தண்ணீர் அதன் மேலேறி உள்ளே புகுந்தது. அரை நிமிடம் விட்டிருந்தால் படகு கவிழ்ந்திருக்கும்.

"அந்தாண்ட சாய்! ஷட்டர் பக்கம் சாய்ங்க!" என்று அக்கா கத்தினார். கத்திக்கொண்டே ஷட்டர் மேல் போய் விழுந்தார். நாங்களும் விழுந்தோம். தெருப்பக்கம் மேலே எழும்பியது. எதன் மேல் மோதி நிற்கிறோமோ அதன் பக்கமே சாய வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்.

ஷட்டரின் தகரம் உள்பக்கமாக வளைந்து, தண்ணீரின் ஒவ்வொரு தள்ளலுக்கும் முனகியது. அது பிய்ந்தால் நாங்கள் இருட்டுக்குள் போவோம். முன் கயிற்றை வாசல் தூணின் இரும்பு வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். பூட்டு மாட்டும் கொண்டி ஒன்று ரப்பரில் உரசிக்கொண்டிருந்தது. அக்காவின் பையிலிருந்த போர்வையை மடித்து இடையில் திணித்தேன். அதற்குள் ஓட்டை விழுந்திருந்தது. உஸ் என்று மெல்லிய சத்தம்.

"எங்க இருக்கு, காட்டு" என்று என் கணவர் தடவிப் பார்த்துக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது.

மேலே பால்கனிகளில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "பேஸ்மென்ட்ல கரன்ட் ஆஃபா?" என்று கத்திக் கேட்டேன். காலையிலேயே நிறுத்திவிட்டதாக வாட்ச்மேன் முதல் மாடியிலிருந்து சொன்னார். யாரோ ஃபயர் சர்வீஸுக்கு போன் போட்டார்கள். இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் ஆறுதலாக, "நீங்க போட்லதானே இருக்கீங்க மேடம், சேஃப்" என்றார். அவர் கையில் போன் இருந்தது, எங்களைப் பார்த்தபடி நீட்டியிருந்தார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் இறங்கித் தள்றேன்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"ஒரு காலை வெளிய வச்சீங்கன்னா ஷட்டருக்கு அடியில இழுத்துட்டுப் போயிடும்."

"அப்போ என்னதான் பண்றது? எவ்ளோ நேரம் இப்படியே..."

"எவ்ளோ நேரமானாலும்."

"உனக்கென்ன, சொல்லிட்டே."

"எனக்கென்னவா? புத்தகம் படிச்சது நீங்க. ஊசியை இழுப்பறையில வச்சது நீங்க. வீடியோல வந்துட்டோம்னு படகு வாங்கினது நீங்க."

ஆளுக்கு ஓர் அடிக்கு ஓர் அடி இடம். கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போக முடியாது. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். தண்ணீரில் இறந்துபோன பெருச்சாளி ஒன்று எங்களைத் தாண்டி ஷட்டருக்கு அடியில் போனது. அடுத்து ஒரு குழந்தையின் பள்ளிக்கூடப் பை போனது. உள்ளே எங்கேயோ கார்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஒரு கார் தானாக ஹார்ன் அடிக்கத் தொடங்கி, நிறுத்தாமல் அடித்து, மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் அடங்கியது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு அண்ணாந்து பார்த்தேன். வானம் திறந்துதான் இருந்தது. ஆனாலும் மூச்சு விட இடம் போதவில்லை.

அக்கா உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வாணாம்மா. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு. ரெண்டு நாளா உள்ள போனது எதுவும் வெளிய வர்ல." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாரேன், எனக்கு ஆவாதது எல்லாம் இங்க வந்து நிக்குது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், என் கணவர். அன்று முதல்முறையாக.

"உங்கப்பா கூண்டுல மாட்டிக்கிட்டார்னு சொல்லுவியே, அப்போ என்ன பண்ணாங்களாம்?" என்று கேட்டார். என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு ஒருமுறை பாதி வழியில் நின்றுபோனது.

"ஒண்ணும் பண்ணலையாம். ஆட்டாம நின்னாங்களாம்."

"எவ்ளோ நேரம்?"

"அவங்க வாட்ச் கட்டமாட்டாங்க."

"பேஸ்மென்ட் நெறையட்டும், இழுக்குறது நின்னுடும்" என்றார் அக்கா கண்ணை மூடிக்கொண்டே. "பள்ளம் நெறையிற வரைக்கும்தான் தண்ணிக்கு அவசரம். மோரி, சாக்கடை வேலை மேற்பார்வை பண்ணவ, சொல்றேன்."

ஷட்டரில் ஒரு துருப் புள்ளியை அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் அதைத் தொட வெகு நேரமானது. மழை ஒருமுறை பெய்து ஓய்ந்தது. அக்காவின் மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. அவரைப் படுக்க வைத்தால் இன்னும் திணறும் என்பதால் என் தோளில் சாய்த்து உட்கார வைத்தேன். ஃபயர் சர்வீஸ் படகு வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அன்று எல்லாத் தெருவிலும் எங்களைப்போல் ஆட்கள் இருந்தார்கள்.

மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். ஷட்டர் முனகுவதை நிறுத்தியது. உள்ளே கார்கள் இடிக்கும் சத்தமும் இல்லை. நான் துடுப்பால் தூணை அழுத்திப் பார்த்தேன். படகு ஓர் அடி விலகியது, விலகிய இடத்திலேயே நின்றது. எங்களைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. கயிற்றை அவிழ்த்தேன். முதல் மாடியிலிருந்து வாட்ச்மேன் ஒரு குப்பைத் தொட்டி மூடியைத் தூக்கிப் போட்டார். ஒரு பக்கம் நான் துடுப்பும், மறுபக்கம் என் கணவர் மூடியுமாகத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் இடது கையால்தான் தள்ளினார். வலது கட்டைவிரல் இன்னும் ஓட்டையின் மேல் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை எடுக்கவே இல்லை. நான் அவரைத் திட்டியபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு டிராக்டர்காரர் அக்காவை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் வரை விட்டார். நானும் கூடப் போனேன். சாயங்காலம் டயாலிசிஸ் நடந்தது. மருத்துவமனை வராந்தாவில், பிறகு வந்து சேர்ந்த என் கணவரின் விரலைப் பிடித்து விரிக்கப் பார்த்தேன். மடங்கியபடியே இருந்தது, மறுநாள்தான் நிமிர்ந்தது. "சாரி" என்று சொன்னேன். "இல்ல, ஊசி என் தப்புதான்" என்றார்.

அக்கா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஸ்ரீராம்புரத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அந்தச் சந்தில் கார் நுழையாது, ஆட்டோவில்தான் டயாலிசிஸுக்குப் போகிறார். எப்போதாவது என் கணவருக்கு போன் போட்டு, "இன்னாபா, கேப்டன்" என்பார். எனக்குப் போடமாட்டார்.

படகுக்கு ஒட்டுப் போட்டாயிற்று. இரண்டு துடுப்பும் படகிலேயே கட்டிக் கிடக்கின்றன. கத்தி, விசில், பம்ப், மாற்று ஊசி எல்லாம் ஒரே பையில். தெருவில் எந்தப் பக்கம் தண்ணீர் இறங்கும், எந்த அப்பார்ட்மென்டுக்குப் பேஸ்மென்ட் இருக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். படகு வாங்குகிறவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள், வெயில் காலத்தில் நடந்துபோய்.

நாங்களும் போய்விடலாம் என்றுதான் பார்க்கிறோம். வீட்டை விற்க ஆன்லைனில் போட்டிருக்கிறோம். பார்க்க வருகிறவர்களுக்கு ஹால் பிடிக்கிறது, சமையலறை பிடிக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறியதும் தார்ப்பாயைப் பார்த்து, "அது என்ன?" என்கிறார்கள். சொன்னதும் ஏரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். அதன் பிறகு போன் வருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுக் கல்யாண ஜோடி வருவதாக இருந்தது. "படகை அத்திபெலேவுல கொண்டுபோய் வச்சுட்டு வீட்டைக் காட்டலாமே" என்றார் என் கணவர். தப்பாகவும் தெரியவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு, கல்யாணமாகிப் போன என் மகள் வயதுதான் இருக்கும். காலையில் நானே மேலே போய், படகு கண்ணில் படும்படி தார்ப்பாயை எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

அவர்கள் பார்த்தார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.